சீட்டு எங்கே போகிறது?

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்கு வரும் பாதையில் நடந்திருக்கிறீர்களா? அழகர்கோயிலிலிருந்து வைகை ஆறு சுமார் 20 கிலோமீட்டர். பொய்க்கரைப்பட்டி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று வழிநெடுக மண்டகப்படிகள். சாமி நின்று நின்றுதான் வருவார். கூட வரும் ஜனத்துக்கு அங்கங்கே பந்தல் போட்டு நீர்மோர், பானகம், சாம்பார் சாதம், தயிர் சாதம். அந்த வெயிலில் ஒரு டம்ளர் பானகம் குடித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இத்தனையையும் மலையடிவாரத்திலேயே ஒரே இடத்தில் செய்து, அண்டா அண்டாவாக வண்டியில் ஏற்றி அனுப்பினால் என்ன ஆகும்? மோர் புளித்துப் போகும். தல்லாகுளத்துக்குப் போகவேண்டியது அப்பன்திருப்பதியிலேயே காலியாகிவிடும். அதனால் யாரும் அப்படிச் செய்வதில்லை. 'இத்தனை பேர் வருவாங்க, இன்னது பண்ணுங்க' என்று சேதி மட்டும் போகிறது. அடுப்பு அந்தந்த இடத்தில் எரிகிறது.

உங்கள் உடம்பில் இருக்கும் செல்கள் இதே யோசனையைப் பல கோடி வருஷத்துக்கு முன்னாலேயே செய்து பார்த்துவிட்டன. இந்த வாரம் அதைப் பற்றித்தான். கொஞ்சம் உயிரியல் வரும். பயப்படாதீர்கள், கடைசியில் ஒரு கல்யாண விஷயமும் இருக்கிறது.

கோவிட்டுக்கு முன்னால் 'மெசஞ்சர் ஆர்.என்.ஏ.' என்று எழுதினால் பாதிப் பேர் ஜோக் பக்கத்துக்குப் போயிருப்பார்கள். 2021-க்குப் பிறகு டீக்கடையில்கூட அந்தப் பெயர் அடிபட்டது. (நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் அந்த ரகம் இல்லை என்பது வேறு விஷயம்.) அந்தத் தடுப்பூசிக்கு வழி செய்த காட்டலின் காரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவருக்கும் 2023-ல் நோபல் கொடுத்தார்கள்.

சங்கதி இதுதான். செல்லின் நடுவே நியூக்ளியஸ். அதற்குள் டி.என்.ஏ. என்ற பெரிய சமையல் புத்தகம். புத்தகத்தை வெளியே எடுத்துப்போக அனுமதி கிடையாது, லைப்ரரியில் ரெஃபரன்ஸ் பகுதி மாதிரி. வேண்டிய பக்கத்தை மட்டும் ஒரு சீட்டில் பிரதி எடுத்து வெளியே அனுப்புவார்கள். அந்தச் சீட்டுதான் மெசஞ்சர் ஆர்.என்.ஏ. அப்படி ஒரு சீட்டு இருக்கிறது என்று 1961-ல் நிரூபித்தார்கள். சீட்டைப் படித்துப் புரோட்டீன் சமைக்கும் தவசிப்பிள்ளையின் பெயர் ரைபோசோம். இந்தத் தவசிப்பிள்ளையின் உருவத்தை அணு அணுவாக வரைந்து காட்டியதற்கு 2009-ல் மூன்று பேருக்கு நோபல் கிடைத்தது. அதில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

சமைத்தாகிவிட்டது. சாப்பாடு சரியான பந்திக்குப் போவது எப்படி? ஒரு செல்லுக்குள் பல்லாயிரம் வகைப் புரோட்டீன்கள். சில வெளிச் சுவரில் உட்கார வேண்டும், சில நியூக்ளியஸுக்குள் திரும்பப் போக வேண்டும், சில செல்லை விட்டே வெளியேற வேண்டும். ஒவ்வொரு புரோட்டீனும் தன் உடம்பிலேயே ஒரு விலாசத் துண்டை வைத்துக்கொண்டு பிறக்கிறது என்று கண்டுபிடித்தவர் குந்தர் ப்ளோபெல். 1999-ல் அவருக்கும் நோபல். பரிசுப் பணத்தின் பெரும்பகுதியை, இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து நாசமான டிரெஸ்டன் நகரத்துச் சர்ச்சைத் திரும்பக் கட்டக் கொடுத்துவிட்டார்.

ரொம்ப காலம் வரைக்கும் கதை இவ்வளவுதான் என்று நினைத்திருந்தார்கள். சீட்டு எங்கே வேண்டுமானாலும் கிடக்கும், சமைத்த பிறகு சாப்பாடுதான் விலாசம் தேடிப் போகும் என்று. 1980-களில் ஒரு சந்தேகம் வந்தது. 1983-ல் ஒரு கடல் பிராணியின் முட்டையில் ஆக்டின் என்ற புரோட்டீனுக்கான சீட்டுகள் முட்டை பூராவும் பரவிக் கிடக்காமல் ஒரு பக்கமாகக் குவிந்திருப்பதைப் பார்த்தார்கள். 1986-ல் ஜீன் லாரன்ஸ், ராபர்ட் சிங்கர் இருவரும் கோழிக் கரு செல்களில் இதையே பார்த்தார்கள். நகர்ந்து போகும் செல்லின் முன்விளிம்பில் ஆக்டின் தேவை. சீட்டுகளும் அங்கேதான் கூட்டம் போட்டிருந்தன.

அப்புறம் இன்னொன்றும் தெரிந்தது. சீட்டின் வால் பகுதியில், சமையல் குறிப்பெல்லாம் முடிந்த பிறகு, வெறும் 54 எழுத்துகளில் ஒரு துண்டு. அதை நீக்கினால் சீட்டு முன்விளிம்புக்குப் போகாமல் அலைகிறது. அமெரிக்கர்கள் அதற்கு அவர்கள் ஊர்ப் பாணியில் 'ஜிப்கோடு' என்று பெயர் வைத்தார்கள். நம்ம பாஷையில் பின்கோடு. 625001 என்று எழுதினால் உறை மதுரைக்கு வந்து சேர்கிற மாதிரி. விலாசம் புரோட்டீனில் மட்டும் இல்லை, சீட்டிலும் எழுதியிருக்கிறது.

எவ்வளவு சீட்டுகளுக்கு இப்படி? 2007-ல் டொரன்டோவில் ஒரு குழு பழ ஈயின் கருவை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான சீட்டுகளுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தது. பார்க்க முடிந்தவற்றில் 71 சதவிகிதம் குறிப்பிட்ட இடம் பார்த்து உட்கார்ந்திருந்தன. சில விதிவிலக்குகள் என்று நினைத்தது கடைசியில் பொது விதியாகிவிட்டது. அந்த ஈக்கு எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்பதே இப்படித்தான் முடிவாகிறது. 'பைகாய்டு' என்ற ஒரு சீட்டை அம்மா ஈ முட்டையின் ஒரு முனையில் ஒட்டி அனுப்புகிறது. சீட்டு இருக்கும் முனையில் தலை முளைக்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் 2015-ல் வந்தது. நியூயார்க்கில் கிறிஸ்டின் மேயர் என்ற விஞ்ஞானியின் லேப். சி.டி.47 என்று ஒரு புரோட்டீன். செல்லின் வெளியே நின்றுகொண்டு, ரோந்து வரும் வெள்ளை அணுக்களிடம் 'நான் நம்ம ஆளு, என்னைத் தின்னாதே' என்று சொல்வது அதன் வேலை. இதற்கு இரண்டு விதமான சீட்டு உண்டு. சமையல் குறிப்பு இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒன்றின் வால் நீளம், மற்றதன் வால் குட்டை, அவ்வளவுதான். நீள வால் சீட்டில் சமைத்த புரோட்டீன் வெளிச் சுவருக்குப் போகிறது. குட்டை வால் சீட்டில் சமைத்தது பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகிறது. சாப்பாட்டில் ஒரு உப்புக் கல் வித்தியாசம் இல்லை. எந்த அடுப்பில், யார் பக்கத்தில் நிற்கும்போது சமைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். இதே லேப் 2023-ல் இன்னொன்றும் சொன்னது: சீட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றி வைத்தால் தயாராகும் புரோட்டீனின் அளவே மாறுகிறது. சிலவற்றில் இரண்டு மடங்கு வரைக்கும்.

நரம்பு செல்லுக்கு இந்த ஏற்பாடு இல்லாமல் முடியவே முடியாது. முதுகுத்தண்டிலிருந்து கால் கட்டைவிரலுக்குப் போகும் ஒரு நரம்பு இழை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், அத்தனையும் ஒரே செல். செல்லுக்குள் சில புரோட்டீன்கள் நகரும் வேகம் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான். கணக்குப் போடுங்கள். தலைமையகத்தில் இன்று கிளம்பிய சரக்கு கால் விரலுக்கு வந்துசேர இரண்டே முக்கால் வருஷம் ஆகும். ஆகவே சீட்டுகளையும் தவசிப்பிள்ளைகளையும் முன்கூட்டியே கிளைகளுக்கு அனுப்பி வைத்துவிடுகிறது. 1982-லேயே மூளை செல்களின் கிளைகளில், நரம்பும் நரம்பும் சந்திக்கும் முனைகளுக்கு அடியில் ரைபோசோம்கள் கொத்துக்கொத்தாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு புது விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும்போது அந்த அடுப்புகள் எரிகின்றன. அங்கே சமையலை மட்டுப்படுத்தும் மேஸ்திரி போன்ற ஒரு புரோட்டீன் இல்லாமல் போனால் குழந்தைக்கு 'ஃப்ராஜைல் எக்ஸ்' என்ற மூளை வளர்ச்சிக் குறைபாடு வருகிறது. அந்த ஜீனை 1991-ல் கண்டுபிடித்தார்கள்.

இதெல்லாம் சரி, மதுரைக்கும் இதற்கும் என்ன? இரண்டு உண்டு. ஒன்று, நாகமலைக்குப் பக்கத்தில் இருக்கும் காமராசர் பல்கலைக்கழகம். இந்தியாவில் எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி ஆரம்பித்த முதல் சில இடங்களில் அதுவும் ஒன்று. இரண்டு, கண்.

கண் என்றால் மதுரைக்காரர்களுக்கு அரவிந்த். விரல்கள் முடக்குவாதத்தில் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசு வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு, 1976-ல் தன் 58-வது வயதில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. புரை ஆபரேஷன் என்றால் உலகமே திரும்பிப் பார்க்கும் இடம். அவர் 2006-ல் காலமானார். அந்த நிறுவனத்துக்கு ஓர் ஆராய்ச்சிப் பிரிவும் உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அங்கே பரம்பரையாக வரும் கண் நோய்களின் ஜீன்களை ஆராய்கிறார்கள். புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைக்கலாம். பரம்பரை நோய் அப்படி இல்லை. அது ஒரு செல்லுக்குள் சரக்கு சேரவேண்டிய இடத்துக்குச் சேராத தகராறு.

நம் விழித்திரையில் சுமார் 12 கோடி 'ராடு' செல்கள் இருக்கின்றன. மங்கல் வெளிச்சத்தில் பார்ப்பதற்கு இவைதான். ஒவ்வொன்றும் இரண்டு அறை கொண்ட வீடு. உள் அறையில் அடுப்படி. வெளி அறையில் சுமார் ஆயிரம் தட்டுகள் அடுக்கி, அதில் ரோடாப்சின் என்ற புரோட்டீன். வெளிச்சத்தைப் பிடிப்பது அதுதான். வெளி அறையில் ஒரு தவசிப்பிள்ளைகூடக் கிடையாது. நரம்பு செல்லின் ஏற்பாட்டுக்கு நேர் எதிர். எல்லாவற்றையும் உள் அறையில் சமைத்து, நடுவில் இருக்கும் ஒரு சந்து வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். அந்தச் சந்தின் அகலம் ஒரு தலைமுடியின் பருமனில் இருநூறில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். இதில் இன்னொரு கொடுமை, தினமும் பத்தில் ஒரு பங்கு பழைய தட்டுகளைக் கழித்துவிட்டுப் புதிதாக அடுக்க வேண்டும். பத்து நாளில் வெளி அறை பூராவும் புதுசு.

ஆகவே இங்கே விலாசம் பிசகினால் மன்னிப்பு இல்லை. ரோடாப்சின் 348 கண்ணிகள் கோத்த சங்கிலி. அதன் வால் நுனியில்தான் 'வெளி அறைக்கு' என்ற விலாசம். 347-வது கண்ணி ஒன்று மாறினால் போதும், சரக்கு கண்ட இடத்தில் தேங்குகிறது, வருஷக்கணக்கில் அந்த செல்லே செத்துப்போகிறது. சில பேருக்கு விலாசம் சரியாக இருக்கும், சந்தில் சரக்கு ஏற்றி இறக்கும் புரோட்டீன் கெட்டிருக்கும். பலன் ஒன்றுதான். முதலில் ராத்திரியில் கண் தெரியாது. அப்புறம் பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகும். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று பெயர். உலகத்தில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு. தென்னிந்தியாவில் அதைவிட அதிகம்.

ஏன் அதிகம் என்று சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

என் பெரியப்பா மகன் ஒருவர், திருமங்கலம் தாண்டி ஒரு கரிசல்காட்டு ஊரில் இருக்கிறார். சின்ன வயசில் விளக்கு வைத்த பிறகு வெளியே வரமாட்டார். வந்தால் திண்ணையில் இடித்துக்கொள்வார். எங்கள் எல்லோருக்கும் அவர் 'மாலைக்கண் அண்ணன்'. பொன்னாங்கண்ணிக் கீரை, ஆட்டு ஈரல், மீனெண்ணெய் மாத்திரை என்று எல்லா வைத்தியமும் நடந்தது. வைட்டமின் ஏ குறைவினால் வரும் மாலைக்கண் அதில் சரியாகிவிடும். இவருக்கு ஆகவில்லை. முப்பது வயசுக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து சொம்பை நீட்டினால் தெரியாது, நேரே நீட்டினால்தான் வாங்குவார். திமிர் பிடித்த ஆள் என்று சொந்தத்திலேயே பேசினார்கள். நாற்பது வயசில் மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில்தான் நோயின் பெயரைச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனையில் அந்தச் சந்தில் வேலை செய்யும் ஒரு புரோட்டீனின் ஜீன் இரண்டு பிரதியும் கெட்டிருப்பதாகத் தெரிந்தது.

இரண்டு பிரதி எப்படிக் கெட்டது? ஒவ்வொரு ஜீனும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு பிரதியாக வருகிறது. இந்த மாதிரி நோயில் ஒன்று கெட்டிருந்தால் மற்றது சமாளித்துவிடும். ஆள் நன்றாக இருப்பார், தன்னிடம் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பெரியப்பா கட்டிக்கொண்டது சொந்த அக்கா மகளை. குடும்பத்தில் எந்தத் தாத்தாவிடமோ இருந்த ஒரே எழுத்துப்பிழை இரண்டு பக்கமாக இறங்கிவந்து அண்ணனிடம் சந்தித்துக்கொண்டது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக்குள்தான். பெரிய மாநிலங்களில் நாம்தான் முன்னால் நிற்கிறோம்.

அண்ணனுக்கு ஒரே மகள். பி.காம். முடித்துவிட்டு மதுரையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு முறைமாப்பிள்ளை இருக்கிறான், அண்ணனின் அக்கா மகன். நல்ல பையன். இரண்டு பேருக்கும் இஷ்டம். வீட்டில் பூ வைக்க நாள் பார்க்க ஆரம்பித்தபோது அவள் எனக்கு போன் செய்தாள். "சித்தப்பா, நீங்க இதெல்லாம் எழுதுறீங்கள்ல. எனக்குப் பிறக்கிற பிள்ளைக்கு அப்பா மாதிரி ஆகுமா? வீட்ல கேட்டா அபசகுனமா பேசாதேங்கிறாங்க."

பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள். அண்ணனிடம் இரண்டும் கெட்ட பிரதி. ஆகவே மகளிடம் ஒன்று நிச்சயம். அம்மா பக்கத்திலிருந்து நல்ல பிரதி வந்திருப்பதால் அவளுக்குக் கண்ணில் குறை இல்லை. அடுத்தது அண்ணனின் அக்கா. ஒரு கெட்ட பிரதி வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்குப் பிள்ளை பிறந்தால் நாலு விதம்: இரண்டும் கெட்டது ஒன்று, இரண்டும் நல்லது ஒன்று, கலந்தது இரண்டு. அக்காவுக்கு நோய் இல்லை என்பதால் முதல் விதத்தைத் தள்ளுங்கள். மிச்சம் மூன்றில் இரண்டு கலந்தது. அதை அவர் மகனுக்குக் கொடுத்திருக்க வாய்ப்பு பாதி. அப்படியானால் பையனிடம் இருக்க வாய்ப்பு மூன்றில் ஒன்று. இரண்டு பேரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று. பெருக்கினால் பன்னிரண்டில் ஒன்று.

"பன்னிரண்டில் ஒண்ணுன்னா ஜாஸ்தியா, கம்மியா சித்தப்பா?" என்று கேட்டாள்.

ஊர் பேர் தெரியாத அசலில் கட்டினால் இதைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் முக்கியமான விஷயம் அது இல்லை. பன்னிரண்டில் ஒன்று என்பது நமக்குத் தெரியாதபோது போடும் கணக்கு. எந்த எழுத்து எங்கே பிசகியிருக்கிறது என்பது அண்ணன் விஷயத்தில் ஏற்கெனவே தெரியும். பையனின் ரத்தத்தில் அந்த ஒரே ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். இருந்தால் நாலில் ஒன்று, இல்லாவிட்டால் அனேகமாகப் பயமே இல்லை. நடுவில் பன்னிரண்டு என்ற பேச்சுக்கே வேலை கிடையாது.

சொன்னதும் வீட்டில் பெரிய ரகளை. மாப்பிள்ளைப் பையனுக்கு ரத்த டெஸ்ட்டா? எங்க வம்சத்தையே சந்தேகப்படுறீங்களா? இதுவரைக்கும் யார் டெஸ்ட் எடுத்துக் கட்டினார்கள்? அக்கா என்னோடு இரண்டு மாசம் பேசவில்லை. இதில் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை, உங்களிடம் என்னிடம் எல்லோரிடமும் இப்படிப் பிசகிய பிரதிகள் சில இருக்கத்தான் செய்யும் என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. அண்ணன் மட்டும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "எனக்குச் சாப்பாட்டுத் தட்டு தெரியுது, அதுல விழுற கை யாருதுன்னு தெரியல. அதை யோசிச்சுட்டுப் பேசுங்க" என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பையன் யாரிடமும் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். சில வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. அவனிடம் அந்தப் பிசகு இல்லை. சொந்தத்துக்குள் கட்டினால் வேறு ஏதாவது ஜீனில் இதே மாதிரி சந்திப்பு நடக்கலாம், அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்களாம்.

உங்கள் குடும்பத்திலும் ராத்திரியில் தடுமாறுகிற ஒரு பெரியப்பாவோ அத்தையோ இருந்தால், கீரை கொடுங்கள், தப்பில்லை. கூடவே ஒரு தடவை விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சொந்தத்துக்குள் பேச்சு எடுப்பதற்கு முன்னால், ஜாதகத்தோடு அதையும் கேளுங்கள். எல்லாப் பரம்பரைக் கண் நோயும் எங்கள் வீட்டுக் கணக்குப் போல இறங்காது. சிலது அம்மா வழியாக ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வரும். சிலது ஒரு பிரதி கெட்டிருந்தாலே வரும். அதனால் வீட்டிலேயே பெருக்கிக்கொண்டிருக்காமல், ஜீன் ஆலோசனை சொல்பவரிடம் போய் உட்காருங்கள்.

கல்யாணம் ஆவணியில் திருப்பரங்குன்றத்தில் நடந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "என்னமோ டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு பயமுறுத்துனீங்களேய்யா, ஒண்ணும் இல்லைன்னு நாங்க அப்பவே சொன்னோம்ல" என்றார். பாயசம் வந்துகொண்டிருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.